அரசருக்கு உச்சிவேளைப் படையல்

ரொட்டியை யாரோ கடித்திருந்தார்கள்.

தட்டைக் கையில் எடுத்த பிறகுதான் பிலின்னா அதைக் கவனித்தாள். காலையில் அவளே சுட்ட வாற்கோதுமை ரொட்டி, மேல்பக்கம் லேசாகக் கருகியது. அதன் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு வாய் அளவு குறைந்திருந்தது. பக்கத்தில் ஆட்டுப் பாலாடைக்கட்டி, ஐந்து ஆலிவ் காய்கள், தண்ணீர் கலந்த ஒயின், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

ஒன்பது வருடமாக இப்படி நடந்ததில்லை. முற்றுகையை உடைத்துத் தீவைக் காப்பாற்றிய அரசர் அந்தகோரஸை இனித் தெய்வமாகக் கும்பிடுவதென்று ஊர்ச்சபை தீர்மானம் போட்டு, துறைமுகத்துக்கு மேலே இந்தச் சிறு கோயிலைக் கட்டி, உள்ளே ஒரு பளிங்குச் சிலையும் அதன் முன்னால் சாய்ந்து உண்ண ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டுவைத்த நாளிலிருந்து, தினமும் உச்சிவேளையில் பிலின்னா சாப்பாடு வைப்பாள். அரசரின் பெயரை மூன்று முறை சொல்லி அழைப்பாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து, தூணின் நிழல் ஒரு சாண் நகரும்வரை காத்திருப்பாள். பிறகு உள்ளே போய், யாரும் தொடாத அந்தச் சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் அவளே உண்பாள். அதுதான் அவளுக்குச் சம்பளம். அரசரின் கப்பல்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு பட்டினியில் செத்துப்போனவனின் மனைவிக்கு ஊர் பார்த்துக் கொடுத்த வேலை.

எலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் எலி இப்படிக் கடிக்காது. கடித்த இடத்தின் நடுவே மெல்லிய ஒரு வரப்பு போல ரொட்டி மிச்சம் நின்றது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லாத வாய்.

சிலையை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் அரச அடையாளமான வெள்ளைத் துணிப்பட்டை, தோளில் கருஞ்சிவப்புப் போர்வை, எப்போதும் வானத்தையே பார்க்கும் கண்கள். அழகாக மூடிய பளிங்கு வாய்.

அவள் ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், கடிபட்ட பக்கத்தை ஒதுக்கிவிட்டுத் தின்றாள்.

மறுநாள் பாலாடைக்கட்டியும் குறைந்தது. அதற்கடுத்த நாள் ஆலிவ் கொட்டைகள் ஐந்தும் சதை இல்லாமல் மேசை ஓரத்தில் வரிசையாக இருந்தன. கோயிலுக்கு ஒரே கதவு. அந்தக் கதவுக்கு எதிரில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை வெயில், சிள்வண்டுகளின் இடைவிடாத இரைச்சல், கீழே துறைமுகத்திலிருந்து தார் காய்ச்சும் வாசனை. யாரும் உள்ளே போகவில்லை. யாரும் வெளியே வரவுமில்லை.

ஊரில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கணவன் போன பிறகு அவள் சமைத்ததை ருசி பார்க்க ஒரு வாய் இருந்ததில்லை. நான்காம் நாள் தன் கையிருப்பிலிருந்து பருப்புக் கஞ்சி வைத்து, வெங்காயம் வதக்கிப்போட்டு, காடி ஒரு சொட்டு விட்டுக் கொண்டுவந்தாள். கிண்ணம் துடைத்ததுபோல் காலியாக இருந்தது. அன்று வீட்டுக்கு நடந்தபோது, தான் ஏதோ பாட்டை முணுமுணுப்பதைத் திடுக்கிட்டுக் கவனித்தாள்.

இப்படி முப்பத்தாறு நாள் போயிற்று. அவள் இளைத்தாள். தட்டில் இப்போது எதுவும் மிஞ்சுவதில்லை.

முப்பத்தேழாம் நாள் ஊர்ச்சபை அதிகாரி தெர்சோன் மூச்சு வாங்க மேடேறி வந்தார். பின்னால் இரண்டு கல்தச்சர்கள், கல் அறுக்கும் வாளும் கயிறுமாக.

“பிலின்னா, இன்னையோட சாப்பாடு கீப்பாடெல்லாம் நிறுத்திக்கம்மா. உங்க அரசர் போயிட்டாரு.”

“போயிட்டாருன்னா? எங்க போனாரு, ஐயா?”

“எங்க போவாங்க! செத்துட்டாரு. விடியக்காலைல கப்பல்ல சேதி வந்துச்சு. கூடப் பொறந்த தங்கச்சி புருஷனே கோட்டைக்குள்ள ஒரு அறையில தள்ளி, வாசலக் கல்லு வச்சு அடைச்சுட்டானாம். சோறு இல்ல, தண்ணி இல்ல. அடைச்சு அம்பது நாளு ஆச்சு.” நெற்றி வேர்வையைத் துடைத்தார். “எத்தனை ஊரு சாமின்னு கும்பிட்டுச்சு பாரு. ஒரு துண்டு ரொட்டி குடுக்க ஒருத்தன் இல்ல.”

பிலின்னா மனசுக்குள் நாள்களை எண்ணினாள். ஐம்பது நாள். ரொட்டியில் முதல் கடி விழுந்து முப்பத்தேழு. இடையில் பதின்மூன்று நாள். ஒரு மனிதன் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்க மாட்டான். சுவரை நக்கியிருந்தால் தாங்கலாம். முற்றுகையின்போது நக்கியவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

“சிலையை என்ன செய்யப்போறீங்க?”

“உடம்பு இருக்கட்டும், நல்லாத்தானே இருக்கு. தலைய மட்டும் மாத்திட்டாப் போதும். புது அரசரோட தலை அடுத்த மாசம் கப்பல்ல வருதாம்.” தெர்சோன் குரலைத் தாழ்த்தினார். “அதுவரைக்கும் பழைய பேரு உன் வாயில வரக்கூடாது. புதுசா வந்தவன் மோசமானவன். ஊரையே கொளுத்திருவான்.”

தலையை அறுக்கப் பொழுது சாயும்வரை ஆயிற்று. அதைச் சாக்கில் கட்டி, எரித்துச் சுண்ணாம்பாக்கக் காளவாய்க்குக் கொண்டுபோனார்கள். தலையில்லாத உடம்பு போர்வையோடு நின்றது.

மறுநாள் உச்சிவேளையில் பிலின்னா வீட்டிலேயே இருந்தாள். ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, கொஞ்சம் அத்திப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிள்வண்டுகள் நின்றன.

ஒவ்வொன்றாக ஓயவில்லை. எல்லாம் ஒரே கணத்தில். அந்த அமைதியில் தெருக்கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தீர்மானப்படி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அரசருக்கென்று மணலால் ஒரு சின்னப் பலிமேடை உண்டு. திருவிழா நாளில் அதன்மேல் ஏதாவது தின்பண்டம் வைப்பார்கள். அந்த மணலைத்தான் யாரோ துழாவினார்கள். துழாவி, நின்று, அடுத்த வாசலுக்கு. மறுபடியும் மணல். காலடி கேட்கவில்லை. மணல் மட்டும். அவள் வாசலில் அது வெகுநேரம் கேட்டது. காய்ந்த சுண்ணாம்பின் வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

அவள் அத்திப்பழத்தைக் கடிக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.

அது அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

மாலையில் அடுத்த வீட்டு மிர்த்தாலி தன் கோழியைத் தேடித் தெருவெல்லாம் அலைந்தாள். இறகுகள் மட்டும் கிடைத்தன. அதற்கு மறுநாள் அவள் தன் ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன். தொட்டில்ல போட்டுட்டுத் தண்ணிக்குப் போனேன். வந்து பாத்தா வீல்வீல்னு கத்துது. பூனை கடிச்சிருக்குமோ?”

குழந்தையின் குதிகாலில் பிறை வடிவில் சிவந்த தடம். தோல் கிழியவில்லை. ருசி பார்த்ததுபோல. தடத்தின் நடுவே ஒரு பல் அளவுக்குத் தோல் வெள்ளையாகவே இருந்தது.

பிலின்னாவுக்குத் துறைமுகம் நினைவுக்கு வந்தது. முற்றுகை முடிந்த நாள். கவண்கல் பட்டு வாயெல்லாம் ரத்தமாக அரசர் கப்பலிலிருந்து இறங்கிவந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். முன்னால் நின்ற அவளுக்கு அந்த இடைவெளி தெரிந்தது. எந்தச் சிற்பியும் அதைச் செதுக்கவில்லை. எந்தக் காசிலும் அது இல்லை.

“பூனைதான்,” என்றாள். “தண்ணிக்குப் போனா பிள்ளையத் தூக்கிட்டுப் போ. உச்சிவேளைல தனியா விடாத.”

“நீங்க ஏன் இப்படி நடுங்குறீங்க?”

“காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு. நீ போ.”

மறுநாள் அவள் மறுபடி மேடேறினாள். வீட்டில் இருந்த மாவையெல்லாம் சுட்டு எடுத்துப் போனாள். அன்று தெருவில் மணல் சத்தம் கேட்கவில்லை. குழந்தை தூங்கிற்று. அடுத்த நாள் உப்பு மீன். அதற்கடுத்து உலர்ந்த அத்தி. பிறகு எண்ணெய் மட்டும். தட்டு ஒவ்வொரு நாளும் காலியாகத் திரும்பியது. அவள் கடற்கரையில் சிப்பி பொறுக்கினாள். காட்டுக்கீரை பறித்தாள். தானும் தின்றாக வேண்டும் என்பதே சில நாள் மறந்துபோயிற்று.

தெர்சோனிடம் போய் நின்றாள். “ஒரு படி மாவு போதும், ஐயா. எனக்கில்ல.”

“பின்ன யாருக்கு?”

அவள் மேட்டுக் கோயிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினார்.

“பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா உனக்கு? இனிமே அந்த மேட்டுப் பக்கம் உன்னைப் பாத்தேன், தீவை விட்டே துரத்திருவேன்.” கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் புயல். கடற்கரைக்குப் போக முடியவில்லை. இரண்டாம் நாள் உச்சிவேளை நெருங்கியபோது வீட்டில் ஒன்றுமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிர்த்தாலி குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கினால் அவள் கண்ணயர்வாள். அவளும் மனுஷிதானே.

பிலின்னா கைகளைக் கழுவினாள். முழங்கைவரை. நகக்கண்களைச் சுத்தம் செய்தாள். வெறும் தட்டை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தாள்.

கோயிலுக்குள் நுழைந்ததும் கதவை உட்புறமாகச் சாத்தினாள். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. இருட்டு. ஈரப் போர்வையின் நாற்றம். தலையில்லாத உடம்பு சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. தட்டை மேசைமேல் வைத்தாள். பெயரை அழைத்தாள். ஒரு முறை. இரண்டு முறை.

மூன்றாவது முறைக்குக் குரல் எழும்பவில்லை.

கட்டில் முனகியது.

சுண்ணாம்பு வாசனை. மிகப் பக்கத்தில். ஏதோ தட்டைத் துழாவியது. விளிம்பைச் சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது.

“இன்னிக்கு ஒண்ணும் கெடைக்கல,” என்றாள். “அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் போகாதீங்க.”

துழாவல் நின்றது.

அவள் மேசையோரம் மண்டியிட்டாள். சட்டைக்கையைச் சுருட்டினாள். இடது கையை, உள்ளங்கை மேலே பார்க்க, தட்டின்மேல் வைத்தாள். வெளியே மழை.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

காய்ந்த கை. எலும்பும் சொரசொரப்பும். முரட்டுத்தனம் இல்லை. கணவன் போன பிறகு அவளை யாரும் தொட்டதில்லை. கண்ணில் நீர் வந்தது. இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

விருந்துக்கு வந்தவர் நல்ல துண்டைத் தேடுவதுபோல அது அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது. கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல். அவசரமே இல்லை.

சுண்டுவிரலுக்கு வந்தது. அதை மற்ற விரல்களிலிருந்து மெல்லப் பிரித்துப் பிடித்துக்கொண்டது.