ஓர் இலைக்கு நானூறு புள்ளி

அந்த மழைக்காலத்தை நினைத்தால் அவளுக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். சிரிப்பு அப்புறம்தான் வரும்.

டிசைன் வகுப்பில் சேர்ந்து மூன்றே வாரம். ஓர் இலையைக் கணினியில் வரைந்து, ஸ்டிக்கராக வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் ஓர் இலையைப் போட்டோ எடுத்தாள், ஒரே ஒரு பட்டனை அழுத்தினாள்... படம் தானாகவே புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாகிவிட்டது! பாதி நனைந்தபடி எதிர்ச்சாரியிலிருந்த ஸ்டிக்கர் கடைக்குள் ஓடினாள். கடை நிறைய அவள் வகுப்புப் பிள்ளைகள்.

கடைக்காரன் அவளைவிட மூன்று நான்கு வயது மூத்தவனாக இருப்பான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கண்ணெல்லாம் குறும்பு...

"ஏங்க, இது இலையா... முள்ளம்பன்றியா?"

"என்னது?"

"ஓர் இலைக்கு நானூறு புள்ளி வெச்சிருக்கீங்க. இதைப் போட்டா மெஷின் திக்கித் திக்கி ஷீட்டையே கிழிச்சிடும். ஆறு புள்ளி போதும். கம்ப்யூட்டர் வரைஞ்சிடுச்சு, சரி... நீங்க எப்போ வரையப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். "ரொம்பத்தான்!" என்று பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு மழையிலேயே இறங்கி நடந்தாள்.

ஆனால் ரோஷக்காரி ஆயிற்றே. நான்கு நாள் கணினியில் கையால் கோடு வரையும் பேனாக் கருவியோடு மல்லுக்கட்டினாள். ஒரு புள்ளியை வைத்து இழுத்தால் இரண்டு பக்கமும் மீசை மாதிரி கைப்பிடி நீளும். அதைச் சாய்த்தால் கோடு வளைய வேண்டும். அவளுக்கு மட்டும் வளையவில்லை. ஐந்தாம் நாள் வளைந்தது... உடனே யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. அம்மா முகம் நினைவுக்கு வரவில்லை, வாத்தியார் முகமும் வரவில்லை. சீ, போயும் போயும் அவனா!

அவன்தான். திரையைப் பார்த்து எண்ணினான்.

"அஞ்சுதானா! நான் ஆறு கேட்டேனே, நானூறு?"

அன்றிலிருந்து அந்தக் கடையில் அவள் பெயர் நானூறு.

அதற்குப் பிறகு ஒரு வருஷம், சனிக்கிழமை தவறாமல் போனாள். ஒரே ஒரு வளைவுக்காக அரைமணி நேரம் சண்டை போடுவார்கள். அவன் வெட்டித் தருவான். வேண்டாத துண்டுகளை ஊசிமுனையால் உரித்தெடுப்பது அவள் வேலை. ஒரே ஷீட்டின் மேல் இருவரும் குனிந்திருக்கும்போது மழைச் சத்தம் மட்டும் கேட்கும்... அவள் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ நல்ல நாட்கள் வந்தன, ஆனால் அவை அந்தச் சனிக்கிழமைகள் இல்லை.

படிப்பு முடியும் நேரத்தில் வெளியூரில் வேலை கிடைத்தது.

"வர்ற திங்க இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை சேரணும். ரயில்ல ஏழு மணி நேரம்."

"அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டீங்க," என்றான் ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதுக்குப் பாக்கணும்? காரணம் ஏதாவது இருக்கா?"

இருக்கு என்று சொல்லேன்... ஒரு வார்த்தை...

"காரணமா? ஒண்ணுமில்ல."

"அப்போ சரி."

வீம்புக்கு வீம்பு. ஒரு வாரம் அவள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. கடைசிக் கண்காட்சிக்கு வரைந்த பறவையைக்கூட மெயிலில்தான் அனுப்பினாள். சனிக்கிழமை, வேறு வழியில்லாமல், வாங்கப் போனாள்.

அவன் ஷீட்டை விரித்தான். பறவை அழகாக வந்திருந்தது. அதன் சிறகுக்கு அருகில்... ஒரு நெற்றி. நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. மூக்கு, உதடு, தாடை.

ஐயோ!

என்றோ ஒரு மதியம், பறவையை வரைந்த பக்கத்திலேயே அவன் முகத்தை வரைந்து பார்த்திருந்தாள். தோழி எட்டிப் பார்த்ததும் சட்டென்று கோட்டை வெள்ளையாக்கினாள். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைக் கோடு... மறைந்தே போயிற்று, அவளும் மறந்தே போனாள். ஆனால் வெட்டும் மெஷினுக்கு நிறம் ஏது? கோடு இருக்கும் இடமெல்லாம் கத்தி போய்விட்டது.

"அது... சும்மா... பழகிப் பாத்தேன்..."

"என் மூக்கு இவ்வளவு நீளமா?"

"அவ்வளவுதான்!" என்றாள். மானம் போயிற்று. ஷீட்டைச் சுருட்டப் போனவள் நின்றாள். "இருங்க... வெட்டறதுக்கு முன்னாடி நிறத்தை எடுத்துட்டு வெறும் கோடா மாத்திப் பாப்பீங்களே! ஒரு நாளும் பாக்காம வெட்ட மாட்டீங்களே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பாத்தேன். செவ்வாய்க்கிழமையே."

"அழிச்சிருக்கலாம்ல?"

"அழிக்கத்தான் போனேன்... கை வரல. அழிச்சிட்டா நீங்கபாட்டுக்கு ரயில் ஏறிப் போயிடுவீங்க. நான் இங்கயே உக்காந்து காலம் பூரா ஸ்டிக்கர் உரிச்சிக்கிட்டிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "அன்னைக்குக் காரணம் ஒண்ணுமில்லன்னு சொன்னது பொய். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. வேலைல சேருங்க, நல்லா வாங்க... ஆனா என்கிட்ட திரும்பி வாங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்து தொலைத்தது.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு... இதைச் சொல்ல ஒரு வருஷமாடா உனக்கு?"