எழாத இருக்கை

"புது மெஷின் வரட்டும். அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணு கேட்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"இப்பவே கேளுங்களேன்."

"ம்ஹூம். இப்ப கேட்டா சிரிப்ப."

"என்னன்னே தெரியாம எப்படி வாக்குக் குடுக்கிறது? கிட்னியைக் கேட்டா?"

"உன் கிட்னி எனக்கு எதுக்கு? அதுவும் உன்னை மாதிரியே அடம் பிடிக்கும். பேச்சை மாத்தாதே. மாட்டேன்னு சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சரிப்பா. மாட்டேன்னு சொல்ல மாட்டேன். போதுமா?"

அன்று அவளும் அவள் கணவனும் பழைய மெஷினின் உருளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தேய்ந்த இரும்புப் பற்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நிற்கிற புதர்க்காட்டை நின்ற நிலையிலேயே அரைத்து, மரத்தூளாகத் தரையில் பரப்பிவிடும் மெஷின் அது. ஓட்டுபவனுக்கு முன்னால் கண்ணாடி கிடையாது, வெறும் கம்பி வலைதான். சில வாரங்கள் கழித்து, உருளையிலிருந்து தெறித்த முள்மரச் சிம்பு ஒன்று அந்த வலைக்குள் புகுந்து அவன் தொண்டையில் இறங்கியது. அவள் ஓடிப்போய் அவனை மடியில் தாங்கியபோது அவன் எதையோ கேட்க வந்தான். உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை. தொண்டையிலிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று மட்டும் மெதுவாக வெளியேறியது.

என்ன கேட்க நினைத்தான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"அண்ணி, தூங்கிட்டீங்களா? ஏறி உட்காருங்க."

கொழுந்தனின் குரல் அவளை இழுத்து வந்தது. மெஷின் விற்கும் கொட்டகையின் தகரக் கூரையில் காற்று உரசிக்கொண்டிருந்தது. விற்பனைக்காரர் ஏணிப்படிக்கு அருகே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் மகள் பாப்பா, பள்ளிக்கூட விடுமுறை என்பதால் கூடவே வந்தவள், பிளாஸ்டிக் நாற்காலியில் காலாட்டிக்கொண்டு பிஸ்கட்டின் ஓரத்தை மட்டும் கடித்துத் தின்றாள்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். காற்றில் மிதக்கும் இருக்கை அது. உட்காருபவரின் எடைக்கு ஏற்ப இறங்கி, மேடுபள்ளத்தில் முதுகு நோகாமல் தாங்கும். இருக்கை இறங்கியது. ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் இறங்கியது, யாரோ தாமதமாக வந்து உட்கார்ந்ததுபோல.

"ரொம்ப இறங்குதே," என்றாள்.

"உங்களுக்கு முன்னாடி குண்டான ஆள் யாராவது உட்கார்ந்திருப்பார் மேடம். செட்டிங் மாறியிருக்கும்." இருக்கைக்குப் பக்கத்தில் எடை காட்டும் முள்ளைக் குனிந்து பார்த்த விற்பனைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "பார்த்தா ஒல்லியாத்தான் இருக்கீங்க."

கொழுந்தன் சிரித்தான். "மெஷின் வாங்குறது துணி எடுக்கிற மாதிரி இல்ல அண்ணி. நல்லா யோசிச்சுக்கோங்க. இன்னைக்கு நீங்களே ஓட்டிக் காட்டினா தொழில் உங்களுது. முடியலைன்னா என் பேருக்கு மாத்திட்டு, வீட்ல பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருங்க. நான் ஒண்ணும் பட்டினி போட மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவள் இந்தத் தொழிலை விடக் கூடாது என்று நினைத்தாள். கொழுந்தன் எடுத்துப்போடும் சோற்றில் பாப்பா வளரக் கூடாது.

"இது டயர் வண்டி," என்றாள். "ரோட்ல நல்லா ஓடும். முள்ளுக்காட்டுல தினம் பஞ்சர். வேண்டாம்."

இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். ஆள் எழுந்ததும் இருக்கை மேலே வர வேண்டும். வரவில்லை. அமுங்கியபடியே இருந்தது.

பழசாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அடுத்த மெஷினில் இருக்கையின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவள் ஏறாமல் படியில் நின்றே உள்ளே எட்டிப் பார்த்தாள். புது ரப்பர் வாசனையும் புதுப் பெயிண்ட் வாசனையும் வர வேண்டிய அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து, பச்சை மரச்சாறும் டீசலும் வெயிலில் காய்ந்த வியர்வையும் கலந்த ஒரு வாசனை வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளிப்பதற்கு முன்னால் அவளை வம்புக்கென்றே கட்டிப்பிடிக்கும் அவன் கழுத்தின் வாசனை. அவளுக்கு ஒரு நொடி அழுகைதான் வந்தது. பிறகு பாலித்தீன் உறை சரசரத்தது. உறையில் இரண்டு தொடைகளின் அகலத்துக்கு மடிப்பு விழுந்தது. யாரும் தொடவில்லை.

"என்ன மேடம், உள்ளே பாம்பா?"

"இல்ல." அவள் கை படியின் கம்பியை விடவில்லை. "இதோட உருளையில பல்லுக்குப் பதிலா ஆடுற சுத்தியல் மாட்டியிருக்கு. கல்லுல பட்டா மடங்கிக்கும், சரி. ஆனா பெரிய மரத்தை மெதுவாத்தான் அரைக்கும். எனக்கு உருளையோட சேர்ந்த பல்லுதான் வேணும். டயர் இல்லாம இரும்புச் செயின்ல ஓடுற செயின் வண்டி. முன்னாடி கெட்டிக் கண்ணாடி."

"அண்ணனும் இப்படித்தான், எல்லாத்துக்கும் கேள்வி கேட்பான்," என்றான் கொழுந்தன். "கடைசியில என்ன ஆச்சு?"

பாப்பா பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினாள். அவள் அம்மா படியிலிருந்து இறங்கிக் கொட்டகையின் பின்வாசலை நோக்கி நடந்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே விட்டுவைத்த முள்மரக்காடு இருந்தது. வானம் மூடிக்கொண்டு வர, பிற்பகலே மங்கலாகிவிட்டது. அவள் கேட்ட மாதிரியே ஒரு செயின் வண்டி அங்கே காட்டைப் பார்த்து நின்றது. தூரத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள்.

"உருளை சுத்தும்போது கயித்துக்கு இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது," என்றார் விற்பனைக்காரர். "கல்லு, கட்டை எது வேணாலும் தெறிக்கும். இன்னொண்ணு மேடம், பயமே வேண்டாம். சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு. ஆள் எழுந்தா உருளை தானா நின்னுடும். சீட்ல எடை இருந்தாத்தான் சுத்தும்."

"அம்மா, நானும் வரட்டா?" பாப்பா அவள் சட்டையைப் பிடித்தாள்.

"ஒரே சீட்டுடா கண்ணு. ஒரு ஆள்தான் உட்காரலாம். அம்மா ஒரு ரவுண்டு போயிட்டு ஓடி வந்துடுறேன். சித்தப்பா கையைப் பிடிச்சுக்கோ."

கொழுந்தன் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது.

அவள் ஏறினாள். இந்த முறை இருக்கையைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியதும் காற்று, பறவை, ஆட்கள் பேச்சு எல்லாமே வெட்டியதுபோல் நின்றன. இவ்வளவு நல்ல கதவு பழைய மெஷினில் இருந்திருந்தால் என்று நினைத்தாள். பெல்ட்டை மாட்டினாள். இருக்கை இறங்கியது. நின்றது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

உஸ்ஸ்.

இன்னும் இறங்கியது.

அது இருக்கைக்கு அடியிலிருந்த காற்றுப்பையின் சத்தம்தான். காற்றுப்பை என்றால் அப்படித்தான் சத்தம் வரும். ஆனால் அந்தச் சத்தத்தை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தாள், மடியில் கனத்த ஒரு தலையைத் தாங்கிக்கொண்டு, வாயருகே காதை வைத்து. இறங்கிவிடலாமா என்று யோசித்தாள். இறங்கினால் கொழுந்தன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கேட்க வேண்டியிருக்கும். அவள் சாவியைத் திருகினாள்.

உருளை சுழலத் தொடங்கியது. முதல் மரம் உச்சியிலிருந்து கீழ்நோக்கி உடைந்து, நார்நாராகி, தூளாகிச் சிதறியது. சிம்புகள் கெட்டிக் கண்ணாடியில் வந்து மோதி வழுக்கி விழுந்தன. மெஷின் அருமையாக வேலை செய்தது. இன்னொரு மரம். இன்னொன்று. கை பழகியது. அவன் இருந்திருந்தால் "பாரு, பாரு, என் பொண்டாட்டிய" என்று ஊருக்கே கத்தியிருப்பான் என்று தோன்றி, அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

சிரிக்கும்போதுதான் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்தாள்.

இருக்கை அடிமட்டம்வரை இறங்கியிருந்தது. அவள் முகம் மட்டும் மேலே இருந்தது. இருக்க வேண்டிய உயரத்தைவிட ஒரு சாண் மேலே. முதுகு சாய்மானத்தில் படவில்லை. வேறு எதிலோ சாய்ந்திருந்தது. பெரியவர்கள் மடியில் தூக்கி வைத்துக்கொண்ட குழந்தை மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

முதுகில் ஈரம். வெதுவெதுப்பாக.

அவள் மரத்தை விட்டு மெஷினைத் திருப்பினாள். கயிற்றைப் பார்த்துத் திருப்பினாள். நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், தொழிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். பெல்ட்டைக் கழற்றினாள். எழுந்தாள். தலை கூரையில் முட்ட, முழுதாக எழுந்து நின்றாள்.

உருளை நிற்கவில்லை.

இருக்கை எழவில்லை.

வயிற்றைச் சுற்றி ஏதோ இறுகியது. பெல்ட் இல்லை. பெல்ட் காலடியில் கிடந்தது. மெதுவாக, அன்பாக, வம்புக்கென்றே, அது அவளை மறுபடி உட்காரவைத்தது.

சிவப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது. முழங்கையைத் தாங்கிப் பிடித்த விரல்களை அவளுக்குத் தெரியும். நடுவிரல் கோணல். ஒருமுறை ஸ்பேனர் வழுக்கி நசுங்கியது.

"விடுங்க," என்றாள். "விடுங்க, பயமா இருக்கு."

உஸ்ஸ்.

காதுக்குப் பின்னால். கழுத்தில் பட்டது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசினான். விற்பனைக்காரர் சிகரெட்டுக்கு நெருப்பு வைக்கக் காற்றுக்கு மறுபக்கம் திரும்பியிருந்தார்.

பாப்பா கயிற்றுக்கு அடியில் குனிந்தாள்.

நிமிர்ந்தாள். இந்தப் பக்கம் நின்றாள்.

"வராதே!" கண்ணாடியை அறைந்தாள். "பாப்பா, வராதே!"

நல்ல கதவு. நல்ல கண்ணாடி. ஒரு சத்தமும் வெளியே போகவில்லை.

மெஷின் மெல்ல முன்னால் நகர்ந்தது. நெம்புகோலில் அவள் கை இல்லை. பாப்பா நடந்து வந்தாள். புது மரத்தூளில் செருப்பு புதையப் புதைய, நேராக, சுழலும் உருளையைப் பார்க்காமல். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பல மாதங்களாக அவள் அப்படிச் சிரிக்கவில்லை. வேலை முடிந்து அப்பாவின் வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது ஓடி வருவாளே, அந்தச் சிரிப்பு. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்தாள்.

இரண்டு கைகளையும் தூக்கினாள். தூக்கிக்கொள்ளச் சொல்லி.

அம்மாவின் கன்னத்தோடு ஒரு கன்னம் வந்து ஒட்டியது. முள்தாடி குத்தியது. தொண்டையின் ஓட்டையில் காற்று ஒருமுறை தடுமாறியது. இன்னொரு முறை. பிறகு வார்த்தை வந்தது. எத்தனையோ நாள் உள்ளேயே வைத்திருந்ததை ஒருவழியாகச் சொல்லிவிடும் ஆளின் கூச்சத்தோடு, கெஞ்சலோடு, அவன் குரலில்.

"பாப்பாவையும் ஏத்திக்கலாம். மூணு பேரும் ஒண்ணா ஒரு ரவுண்டு. நீ மாட்டேன்னு சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்க."