இருநூற்றுப் பதினான்காம் பேர்

1986 நவம்பரில் மர்ஸூக் அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கியபோது பகல் பதினொரு மணி. வெயிலின் அடையாளமே இல்லை. பள்ளத்திலிருந்து ஏறிய பனி தண்டவாளத்தை மூடியிருந்தது. வெளியே நின்ற தோட்டத்து லொறி அவனையும், கொழும்பிலிருந்து இரண்டு பெட்டிகளில் வந்த கம்ப்யூட்டரையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறியது.

மர்ஸூக் பதுளைக்காரன். அவனுடைய வாப்பாவுக்கு பஜாரில் துணிக்கடை. கொழும்பில் ஒன்றரை வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவனுக்கு மேல்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் முதல் வேலை கிடைத்திருந்தது. தொழிலாளர்களின் பெயர்களை மெஷினில் ஏற்ற வேண்டும். விடிகாலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுவதற்கான பட்டியலை முதல் நாள் பின்னேரமே அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆபீசின் பின்னறையை அவனுக்கு ஒதுக்கினார்கள். ஜன்னலுக்கு நேரே, பச்சை மலையின் நடுவில், தோலுரித்தது போல ஒரு சிவப்புச் சரிவு. ஜனவரி மழையில் அங்கேதான் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம் மண்ணோடு போனது. ஒன்பது பேர். எட்டு உடல்களை எடுத்தார்கள். செவனம்மா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் மட்டும் கிடைக்கவில்லை.

மூன்று வாரத்தில் அறுநூறு பெயர்களை ஏற்றி முடித்தான். செவனம்மா இருநூற்றுப் பதினான்கு. அவளுடைய தாய் பெரியாயி இருநூற்றுப் பதினைந்து.

பெரிய கிளாக்கர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பட்டியலைப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பெட்டை செத்துப் பத்து மாசமாச்சு. உடம்பு கிடைக்கேல்லை எண்டு கூப்பிடாமல் பேரை மட்டும் புத்தகத்தில விட்டு வைச்சிருந்தம். இனி நீர் அதை எடுத்துவிடும்."

மர்ஸூக் 'டிலீட்' கட்டளை கொடுத்தான். அந்த மெஷினில் அழிப்பது உண்மையில் அழிப்பதல்ல. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். குறி விழுந்தவர்களைக் காட்டாதே என்று அமைப்பில் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். அதையும் செய்தான்.

மறுநாள் பட்டியலில் செவனம்மா இருந்தாள்.

அவன் பதறவில்லை. மெஷினை அணைத்துப் போட்டால் அந்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புதிதாகப் படித்தவர்கள் எல்லோரும் விடுகிற பிழைதான். மெஷின் விழித்ததும் முதலில் படிக்கிற கோப்பிலேயே அதை எழுதி வைத்தான்.

அடுத்த நாளும் இருந்தாள்.

கோப்பைத் திறந்து பார்த்தான். அவன் எழுதிய வரி அங்கே இல்லை. அறையில் ஈர மண் வாசம் அடித்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

பெரட்டிலிருந்து திரும்பி வந்த தாளை அப்போதுதான் கவனித்தான். செவனம்மாவின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு சரி. தம்பையா கங்காணியைக் கூப்பிட்டு விசாரித்தான்.

"செத்த ஆளுக்கு ஏன் சரி போட்டீங்க?"

கங்காணி வாசலிலேயே நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"பேரு தாள்ல இருந்திச்சுங்க. கூப்பிட்டேன்."

"அதுக்கு?"

"பதில் வந்திச்சுங்க."

"யாரு சொன்னது?"

"பனியில தெரியலைங்க. 'வந்திருக்கேங்க'ன்னு சொன்னிச்சு. அது கொரலுதான். மூணு நாளா வருது."

அன்றைக்கு மத்தியானம் பெரியாயி அவனுடைய ஜன்னலுக்கு வந்தாள். மண் சரிந்த அன்று கொழுந்து மலையில் நின்றதால் தப்பியவள். மழைக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள்.

"ஐயா, எம்மக பேர எடுத்துறாதீங்க. பேரு இருக்குற வரைக்கும் வருது புள்ள. கொரலயாச்சும் கேட்டுக்கிறேன்."

மர்ஸூக் அன்று அந்தப் பெயரைத் தொடவில்லை. அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

ஆனால் மறுநாள் காலை, குரல் வந்த பக்கம் பார்த்துப் பெரியாயி நடக்கத் தொடங்கினாள். சரிவின் விளிம்பில், கீழே கால் வைக்கப் போன நேரத்தில், கங்காணி ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்தார். செல்வரத்தினம் பின்னறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"விசர்க்கதையோ உண்மையோ எனக்குத் தெரியாது. அந்தப் பேர் நிண்டால் தாயும் போயிடுவா. அதை அடியோட அழிச்சுவிடும், தம்பி."

அடியோடு அழிக்க இன்னொரு கட்டளை இருக்கிறது. 'பேக்'. குறி விழுந்த பதிவுகளை அது ஒரேயடியாகத் துடைத்துவிடும். அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது. மர்ஸூக் அதை அடித்தான். பச்சை எழுத்துகள் ஓடி நின்றன. ஜன்னலுக்கு வெளியே பெரியாயி அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நடந்து போனாள்.

'பேக்' செய்யும் இன்னொரு காரியம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அது பாடம். பரீட்சைக்கும் எழுதியிருந்தான். துடைத்த இடம் வெறுமையாகக் கிடக்காது. கீழே இருக்கும் பதிவு மேலேறி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

அன்று அது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் பெரட்டுக்கு அவனே போனான். பனி இடுப்பு வரை ஏறி நின்றது. ஆட்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. கங்காணி வாசித்துக்கொண்டே வந்தார்.

"இருநூத்திப் பதினாலு. பெரியாயி."

"வந்திருக்கேங்க."

குரல் சரிவுப் பக்கமிருந்து வந்தது.

பெரியாயி மர்ஸூக்கின் பக்கத்தில் நின்றாள். அவளுடைய வாய் மூடியிருந்தது.

கங்காணி தாளைத் தாழ்த்திச் சரிவுப் பக்கம் பார்த்தார். பெரியாயி மெதுவாகத் திரும்பி மர்ஸூக்கைப் பார்த்தாள்.

"அது என் கொரலுங்க ஐயா," என்றாள் தாழ்ந்த குரலில். "நான் அங்கதானே இருக்கேன்."

அன்று பின்னேரம் அவளைக் காணவில்லை. தேடிப் போனவர்கள் விளிம்பில் அவளுடைய கம்பளியைக் கண்டார்கள். நாலாக மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தது. கீழே இறங்கித் தேட ஒருவரும் துணியவில்லை.

செல்வரத்தினம் இரண்டு நாள் ஆபீசுக்கு வரவில்லை. வந்ததும் சொன்னார்: "பெரியாயியின்ர பேரையும் எடுத்துவிடும், தம்பி."

மர்ஸூக் திரையைப் பார்த்தான். இருநூற்றுப் பதினைந்தில் இப்போது ஒரு கைக்குழந்தைக்காரி இருந்தாள். பெரியாயியைத் துடைத்தால் அவள் மேலே ஏறுவாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி.

அவன் துடைக்கவில்லை. பதிவை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் வெறுமையாக்கினான். அடுத்த நாள் பட்டியலில் இருநூற்றுப் பதினான்குக்கு எதிரே வெற்றிடம். காலையில் கங்காணி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அந்த எடத்துல நிறுத்தாம வாசிச்சேங்க. பனிக்குள்ளேயிருந்து கேட்டிச்சு."

"என்ன கேட்டிச்சு?"

"'எம் பேரு என்னங்க?' அப்புடீன்னு. பெறகு கூப்பிட்ட ஒவ்வொரு பேருக்கும் அதுவே பதில் சொல்லிச்சுங்க. புள்ளைத்தாச்சிங்க பேருக்குக்கூட."

கங்காணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே பெண்கள் வேலைக்குப் போகாமல் கூட்டமாக நின்றார்கள். கைக்குழந்தைக்காரி பிள்ளையைக் கம்பளிக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பெரட்டில் நிற்காத ஒருவரின் பெயர். இந்த மலையிலேயே இல்லாத ஒருவரின் பெயர்.

அவன் தன் பெயரை அடித்தான்.

வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்தான். இருநூற்றுப் பதினான்கை எக்காரணத்துக்காகவும் அழிக்க வேண்டாம், அந்தப் பேரை வாசித்துவிட்டு நிற்காமல் அடுத்ததுக்குப் போகக் கங்காணியிடம் சொல்லுங்கள் என்று செல்வரத்தினத்திடம் இரண்டு தரம் சொன்னான். அவர் ஏனென்று கேட்கவில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு லொறி வரை வந்தார்.

ரயில் ஹாலிஎலயைத் தாண்டும்போது வெயில் வந்தது. பதுளையில் இறங்கியபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அந்த வியர்வைகூட அவனுக்கு ஆறுதலாக இருந்தது. பத்து நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. கடையில் வாப்பாவுக்கு உதவியாகத் துணி மடித்தான். ஆள் மெலிந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து முன்னறையில் சாய்ந்திருந்தான். குசினியில் அவனுடைய உம்மா ஸைனப் சோறு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"மர்ஸூக்!" என்று கூப்பிட்டார்.

"வாறேன் உம்மா."

பதில் வீட்டின் பின்பக்கமிருந்து வந்தது.

மர்ஸூக் வாய் திறந்திருக்கவில்லை.

எழ முயன்றான். உம்மா என்று கத்தினான். மூச்சு மட்டும் வந்தது, குரல் வரவில்லை. கதவிடுக்கு வழியே குசினி தெரிந்தது. அதன் ஜன்னலுக்கு அப்பால், பகல் ஒரு மணிக்கு, பின்முற்றம் முழுக்கப் பனி வெள்ளையாகக் கிடந்தது.

"எங்க, மகன், பின்னால சுத்திட்டு வாற?" என்று சிரித்தபடி ஸைனப் பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்தார். "வா, சோறு ஆறுது."

கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வருபவனுக்கு வழிவிட்டு அவர் ஒதுங்கி நின்றார்.