பதினாலாம் நம்பர் லைன்

நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது, நாசிரியா மின் கட்டுப்பாட்டு அறையில், செத்துக் கிடந்த பதினாலாம் நம்பர் லைனுக்குத் திரை ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது.

கஸ்வான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பழுதுபார்க்கவென்று காலையிலேயே கழற்றிப் போட்ட லைன் அது. அடுத்த பத்து நிமிடத்தில் எந்தத் தெரு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று முன்னதாகவே கணித்து, வோல்டேஜ் விழாமல் பார்த்துக்கொள்வது திரைக்குப் பின்னால் இருந்த இயந்திரத்தின் வேலை. அங்கே யாரோ இழுக்கப் போகிறார்கள் என்றது அது. ஒரே ஒரு சின்ன மெஷின் இழுக்கும் அளவு. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அந்த ஏற்ற இறக்கம் அவருக்கு மனப்பாடம். மகளின் ஆக்சிஜன் மெஷின் இரண்டு வருடம் பக்கத்து அறையில் அப்படித்தான் இரைந்துகொண்டிருந்தது.

"அபூ ரஃபல், வாங்க! பருப்பு சூப்பு ஆறிட்டா என்னைத் திட்டாதீங்க," என்று கூட வேலை பார்க்கும் சல்வான் உள்ளறையிலிருந்து கத்தினான். மகள் ரஃபல் போய் ஒரு வருடமாகியும், ரஃபலின் அப்பா என்று அவள் பெயரால்தான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் வலித்தது.

போன ரமலானில் இதே நேரம், ஏதாவது ஒரு லைனை வெட்டியாக வேண்டும் என்றது இயந்திரம். சொந்தத் தெருவைக் காப்பாற்றிக்கொண்டான் என்ற பேச்சு வரக்கூடாதென்று, வெட்ட வேண்டிய பட்டியலில் தன் தெருவுக்குப் போகும் பதினாலையே முதலில் எழுதியிருந்தார் இந்த மகராசன். தெருவுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதே என்ற தைரியம். ஜெனரேட்டர்காரன் நோன்பு திறக்கப் போயிருந்தான். நல்ல பெயர் வாங்கப் போய்ப் பிள்ளையைப் பறிகொடுத்தார்.

பாங்கு ஒலித்தது. ஊரே அடுப்பையும் ஏசியையும் போட்டது. கணித்த கோட்டின் மேல் நிஜக் கோடு வந்து உட்கார்ந்தது. கழற்றிப் போட்ட லைனில். அறையெங்கும் ஈர ரப்பர் வாசனை. அவள் முகமூடியின் வாசனை.

வோல்டேஜ் சரிகிறது. பதினாலை வெட்டவா? என்று கேட்டது திரை.

வேண்டாம் என்று அழுத்தினார். திரும்பவும் கேட்டது. வெட்டும் அதிகாரத்தையே அதனிடமிருந்து பிடுங்கித் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

சல்வான் கரண்டியோடு ஓடி வந்தான். "என்ன பண்றீங்க? வேற ஏதாவது ஒண்ண வெட்டுங்க! எதையும் வெட்டலன்னா ஊர் மொத்தமும் அணைஞ்சிடும்!"

"எந்தத் தெருவுலடா பிள்ளை இல்ல? சொல்லு, வெட்டுறேன்."

"என் வீட்டுலயும் ரெண்டு இருக்கு!" சல்வான் விசைப்பலகைக்குக் கை நீட்டினான். கஸ்வான் மேலே விழுந்து மறித்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஊர் அணைந்தது. தெருத் தெருவாக. ஆஸ்பத்திரியும்.

பதினாலு மட்டும் மூச்சு விட்டது.

"மூச்சு விடும்மா," என்றார் திரையைத் தடவி. "அப்பா வெட்டலம்மா."

மற்ற அறுபது லைனும் பூஜ்யம். அவற்றுக்கான அடுத்த பத்து நிமிடக் கணிப்பு வந்தது.

செத்த லைன் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கோடு. ஏறியது. இறங்கியது.

சல்வானின் தெருவில் இரண்டு.