நீர்க்கடிகாரத்துக்கு ஒரு காவல்

1977இல் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளேட்டன் புறநகரில் ஒரு பழைய வீட்டுக்குப் போனோம். பல்கலைக்கழகக் கண்காட்சிக்கு ஒரு சீன வானியல் கருவியை எடுத்துவர வேண்டும். பிறகு பள்ளிக்கூடம் போய் என் மகள் ராதாவைக் கூட்டிவர வேண்டும். அவளுக்கு ஆறு வயது. மனைவி காலமான பிறகு அவளுக்கு நான் மட்டும்தான். கொஞ்சம் சுணங்கினாலும் வாசலில் நின்று அழுவாள்.

கருவி பின்னறையில் இருந்தது. படிப்படியாக வைத்த வெண்கலத் தொட்டிகள். மேல்தொட்டியில் ஊற்றும் நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சொட்டி இறங்க, கடைசித் தொட்டியில் மிதக்கும் கோல் உயர்ந்து நேரம் காட்டும். சீன அரண்மனையில் இதற்கு இரவுபகலாகக் காவல் உண்டாம். நீர் வற்றக் கூடாது, மாற்றாள் வராமல் காவலாள் நகரவும் கூடாது என்று என்னோடு வந்த சென்னைக்காரர் சேஷாத்ரி சொன்னார்.

எனக்கோ வாசலுக்கு நேரே வெறும் பாத்திரம் இருந்தால் ஆகாது. யாழ்ப்பாணத்தில் நிறைகுடம் வைக்காமல் நல்ல காரியம் தொடங்க மாட்டோம். குசினியில் கிடந்த சாடியில் தண்ணீர் பிடித்துவந்து மேல்தொட்டியை நிரப்பினேன்.

"தூக்கிட்டுப் போற சாமானுக்கு எதுக்குத் தண்ணி, வரதராஜா சார்?" என்று சிரித்துவிட்டு, சேஷாத்ரி வேனைத் திருப்பப் போனார். அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

சொட்டு விழத் தொடங்கியது.

கைப்பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. தட்டினேன், கத்தினேன். யன்னலுக்கு வெளியே மதிலிலிருந்து எழும்பிய மைனா ஒன்று, சிறகு விரித்தபடி காற்றிலேயே நின்றது.

ஈரமும் பாசியும் மணத்தன. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினேன். யாருமில்லை.

மேல்தொட்டியில் நீர் குறையக் குறைய என் மூச்சும் அடைத்தது. கீழ்த்தொட்டியிலிருந்து அள்ளி மேலே ஊற்றியதும் நெஞ்சு இளகியது. மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினேன். கதவுப் பக்கம் காலெடுத்து வைத்தபோதெல்லாம் குளிர்ந்த கை ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டியடிக்கு இழுத்தது. பசி வந்தது, போனது. தூக்கம் வரவேயில்லை. பிள்ளை காத்திருக்கிறாள் என்று கெஞ்சினேன், குரல் வற்றும் வரை கெஞ்சினேன். பிறகு, அவள் வளர்ந்திருப்பாள், என்னை மறந்திருப்பாள் என்று அழுதுகொண்டே ஊற்றினேன்.

மைனா அப்படியே நின்றது.

ஒருநாள் கதவு திறந்தது. வாசலில் சேஷாத்ரி. என்னைக் கண்டதும் அலறி, என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். அந்த இழுப்பில் மேல்தொட்டி கவிழ்ந்தது.

"வண்டியத் திருப்பிட்டு இப்பத்தானே வர்றேன்," என்றார். "சார், உங்க முடி..."

வேன் கண்ணாடியில் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. தாடி நெஞ்சுவரை தொங்கியது.

"ராதாவுக்கு இப்ப எத்தினை வயசு?" என்று கேட்டேன்.

"அதே ஆறுதான். ஸ்கூல் இன்னும் விடலை," என்று சொல்லி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் காலையில் நான் பின்னிவிட்ட பின்னலோடு ராதா நின்றாள். கையை நீட்டினேன். அவள் ஆசிரியைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாமல் போனேனே என்று எனக்கு நெஞ்சு வெடித்தது. இது அப்பாதான், பயப்படாதே என்று சேஷாத்ரி குனிந்து அவளிடம் சொன்னார்.

"தெரியும் அங்கிள்," என்றாள் ராதா மெதுவாக. "பக்கத்தில நிக்கிற ஆளை அப்பான்ர கையை விடச் சொல்லுங்கோ."