ஒற்றுக்காரி என்ற பெயர்

"அந்தக் காப்பியை என் பக்கத்துல கொண்டுவராத! உன் கையால ஊத்தினது எனக்கு விஷம்!"

எர்மீனியா ஆடுநாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகள் நூரிஸ் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வெந்த வாழைக்காயை மசிக்கத் தொடங்கினாள். முந்தின நாள் பேஸ்பால் ஆட்டத்தில் எவனோ அவள் தலையில் கவிழ்த்த பீர் நாற்றம், குளித்த பிறகும் முடியை விட்டுப் போகவில்லை.

"நேத்து எப்படிடி சொன்ன? போன் கையில இல்ல. என் பக்கத்துலயேதான் உக்காந்திருந்த. கண்ணைக் காட்டினியா? மூக்கைச் சொறிஞ்சியா? உன் அண்ணன் பாஸ்குவால் வந்து நிக்கிறான்... என்ன பந்து வருதுன்னு தந்தி வந்தவன் மாதிரி அடிக்கிறான்!"

"நான் யாருக்கும் எதுவும் சொல்லல, தோன்யா," என்றாள் நூரிஸ், மாமியாரை ஊர் வழக்கப்படி மரியாதையாக அழைத்து.

"அப்ப நான் சொன்னேனா? பெத்த பிள்ளையோட டீமை நான் காட்டிக்கொடுத்தேனா?"

அடுத்த அறையில் நூரிஸின் கணவன் ஒஸ்வால்தோ விழித்துத்தான் இருந்தான். கட்டில் கிறீச்சிட்டது அவளுக்குக் கேட்டது. இப்போதாவது வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் வரவில்லை.

பானி ஊரில் கட்டினவனை விட்டு ஓடிப்போனவளைக்கூட நாலு மாதத்தில் மன்னித்துவிடுவார்கள். பேஸ்பால் சைகையைக் காட்டிக்கொடுத்தவளை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். போன ஜனவரியில் இறுதிப் போட்டி நடந்தது. ஒஸ்வால்தோ ஆடும் முதலைகள் அணி, பாஸ்குவால் ஆடும் சேவல்கள் அணியிடம் மண்ணைக் கவ்வியது. எந்தப் பந்து வேகமாக வரும், எது மெதுவாக வரும் என்று சேவல்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. சைகை வெளியே போயிருக்கிறது, யார் வழியாகப் போயிருக்கும்? அண்ணன் அந்தப் பக்கம், கணவன் இந்தப் பக்கம். நடுவில் நின்ற நூரிஸின் தலையில் பழி விழுந்தது. ஒரு பெண் மாட்டிக்கொண்டால் அப்புறம் வேறு எங்கே ஓட்டை என்று தேடுகிற வேலை யாருக்கு வேண்டும்?

உண்மை நூரிஸுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்!

பதினேழு வயதில் ஒப்பந்தமாகி வடக்கே வெளிநாட்டுக்கு ஆடப் போனவன் ஒஸ்வால்தோ. இரண்டாம் தளத்தில் ஆள் இல்லையா, அவனைக் கூப்பிடு. மூன்றாம் தளக்காரனுக்குக் காய்ச்சலா, அவனைப் போடு. முதல் தளத்திலும் நின்றான். ஒருநாள் முகமூடி மாட்டிப் பந்து பிடிக்கவும் உட்கார்ந்தான். சீட்டுக்கட்டு ஜோக்கர் என்று பெயர் வைத்தார்கள். ஜோக்கரை எங்கே வேண்டுமானாலும் செருகலாம், அதற்கென்று ஓர் இடம் கிடையாது. ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள் நூரிஸ். தன் தையல் கடையை விட்டாள், வயிற்றில் தங்காமல் போன பிள்ளையை முன்பின் தெரியாத ஊரில் தனியே கிடந்து இழந்தாள்.

முப்பத்தாறு வயதில், சொந்த மண்ணில், முதலைகள் அணி அவனுக்கு இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிரந்தரமாக ஓர் இடம் கொடுத்தது. அன்று அவன் சிறுபிள்ளை போல அழுதான்.

அந்த இடத்தில் நிற்பவனுக்கு, பந்து பிடிப்பவன் எறிபவனுக்கு விரலால் காட்டும் சைகை நேராகத் தெரியும். மெதுவான பந்து என்றால் அடி தன் வலப்பக்கம் வரும், வேகமான பந்து என்றால் இடப்பக்கம் வரும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பந்து எறிபவன் கையை விட்டுக் கிளம்பும்வரை அசையக் கூடாது. ஒஸ்வால்தோவின் இடது முழங்கால் போய்விட்டிருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதென்ற பயத்தில் ஒரு நொடி முன்னாலேயே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான். எதிரணி அதைப் பார்த்து விசிலடித்து மட்டை பிடித்த தன் ஆளுக்குச் சொல்லிவிடும்.

அத்தனை வருடமும் மைதானத்தில் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியாதா? சொன்னால் அவன் இடம் போய்விடும். அதைவிட, தோற்கடித்தது தன் கால்தான் என்று தெரிந்தால் அவன் உடைந்துபோவான். அதனால் பழியைத் தானே சுமந்தாள். "உன் பொறந்த வீட்டு வாசலை மிதிச்சா, இந்த வாசலுக்கு வராத!" என்று மாமியார் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. மார்ச்சில் அவள் அப்பா இறந்தார். ஒன்பது இரவு ஜெபத்தில் ஓர் இரவுகூட அவள் அந்த வீட்டில் உட்காரவில்லை. மரியாதைக்கு ஒஸ்வால்தோ மட்டும் கடைசி இரவுக்குப் போய்வந்தான்.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. பாஸ்குவால் கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்தான்.

"தொப்பியைக் கழட்டு! இது என் வீடு!" என்று எழுந்தாள் எர்மீனியா. "இன்னும் என்ன வேணும்? இவ கொடுத்தது பத்தலையா?"

"அவ ஒண்ணும் கொடுக்கல, தோன்யா எர்மீனியா. நேத்து என் தங்கச்சி தலைல பீரை ஊத்தினாங்க. நீங்க பாத்துட்டுச் சும்மா இருந்தீங்க. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல... சைகையைக் காட்டிக்கொடுத்தது உங்க பையனோட முழங்காலு!"

"அண்ணா, வேண்டாம்!" என்று நூரிஸ் ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள். "அவருக்குத் தெரியாது... தெரிஞ்சா தாங்க மாட்டாரு!"

பாஸ்குவால் அவள் கையை விலக்கிவிட்டு அவளையே பார்த்தான்.

"தெரியாதா? அடிப் பைத்தியக்காரி... அப்பாவோட ஒன்பதாம் ராத்திரி, நம்ம முற்றத்துல வெச்சு நானே அவன்கிட்ட சொன்னேன். 'மச்சான், நீ முன்னாடியே சாயற, அதைப் பாத்துதான் அடிக்கறோம், என் தங்கச்சி பேரைக் காப்பாத்து'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். 'எனக்கே தெரியும், அடுத்த சீசனுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லிடறேன்'னான்."

நூரிஸ் திரும்பிப் பார்த்தாள். அறை வாசலில் ஒஸ்வால்தோ நின்றுகொண்டிருந்தான்.

"நிஜமா?" என்று கேட்டாள்.

"கறுப்பி..." என்று அவளைச் செல்லமாகக் கூப்பிட்டான். "உக்காரு, நான் சொல்றேன்..."

"நிஜமான்னு கேட்டேன்."

"ஒரே ஒரு சீசன்தான் கேட்டேன்! வாழ்க்கைல முதல் தடவையா எனக்குன்னு ஒரு இடம்... காலு போச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க. நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன். எப்பவும் நீ தாங்கிக்குவியே!"

அவனுக்குத் தெரியக் கூடாதென்றுதானே அத்தனை வசையையும் விழுங்கினாள்! அப்பா முகத்தை மூடுமுன் ஒருமுறை பார்க்காமல் இந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாளே... எல்லாம் தெரிந்தும், அந்த வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்து எழுந்துவந்து, அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினானே!

"நீ ஏண்ணா ஊரறியச் சொல்லல?" என்று பாஸ்குவாலிடம் திரும்பினாள்.

அவன் தலை குனிந்தான். "சொன்னா... எங்க டீமுக்கு அந்த விசில் போயிடும்..."

"ஓகோ. உனக்கும் லாபம்."

எர்மீனியா நாற்காலிக் கையை விட்டுவிட்டு மெல்ல மகனிடம் போனாள். "உன்கிட்ட எத்தனை தடவ கேட்டேன், ஒஸ்வால்தோ? 'விடும்மா, விடும்மா'ன்ன. பெருந்தன்மைன்னு நினைச்சேனேடா! என் வாயால இவளை என்னவெல்லாம் பேச வெச்ச! அப்பன் பொணத்துக்கு ஜெபம் பண்ணவிடாத பாவத்தை என் தலைல கட்டிட்டியே!" என்று சொல்லி, திரும்பி நூரிஸைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "மகளே... என் நாக்கு அழுகட்டும்!"

நூரிஸும் அழுதாள். ஆனால் சீக்கிரமே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

"கறுப்பி, போகாத... டீம்ல போய் நானே சொல்லிடறேன். இன்னைக்கே சொல்லிடறேன்!"

"சொல்லு. அது உனக்கு நல்லது," என்றாள் அவள். "நாலு தளத்துலயும் நின்ன, ஒஸ்வால்தோ. யார் கூப்பிட்டாலும் எங்க வேணாலும் போய் நின்ன. என் பக்கத்துல மட்டும் ஒருநாள் வந்து நிக்கல."

"வா, அம்மா வீட்டுக்குக் கார்ல கொண்டுபோய் விடறேன்," என்றான் பாஸ்குவால்.

"வேண்டாம்ணா. பஸ் இருக்கு."

தெருமுனையில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில், "நிறுத்துப்பா, நிறுத்து!" என்று குரல் கேட்டது. வீட்டுச் செருப்போடு, தலையில் துக்க ஜெபத்துக்குப் போடும் கறுப்புத் துணியோடு எர்மீனியா மூச்சு வாங்க ஏறி வந்தாள். நூரிஸ் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது.

"உங்கம்மா என்னை உள்ள விடுவாளா?" என்றாள் கிழவி கடைசியில்.

"என்னையே விடுவாங்களான்னு தெரியல, தோன்யா," என்றாள் நூரிஸ். "வாங்க, ரெண்டு பேருமா சேர்ந்து கேப்போம்."