ஒரு சீட்... ஒரு கடத்தல்!

காரைக்குடி பத்திர ஆபீஸ்.

ஜோசப் ராஜ் கையெழுத்துப் போடக் குனிந்த நொடியில் செல்போன் அலறியது!

மறுமுனையில் கரகரத்த ஆண் குரல்.

"உங்க மக பெனிட்டா எங்ககிட்ட இருக்கா. மானகிரி நிலத்த வித்துக் கையெழுத்துப் போட்டீகன்னா... பிள்ளைய மறந்துருங்க!"

டொக்.

பேனா கீழே விழுந்தது.

அரை மணியில் பள்ளத்தூர் வீட்டில் இன்ஸ்பெக்டர் விசாலி. ஜோசப்பின் மனைவி ஆன் மேரி மூலையில் விசும்பினாள்.

"மாதாவே... எம் பிள்ளைய..."

"எவ்வளவு பணம் கேட்டான்?" என்றாள் விசாலி.

"கேக்கவே இல்ல மேடம்! கையெழுத்துப் போட்டீகன்னா பிள்ளைய மறந்துருங்கன்னான்."

"போட்டீகன்னா? கடத்துறவன் இம்புட்டு மரியாதையாவா பேசுனான்?"

மூலையில் விசும்பல் சட்டென்று நின்றது.

"நிலத்த எதுக்கு விக்கிறீக?"

"மக இன்ஜினியரிங் படிக்கணும்ல? கோயம்புத்தூர்ல பெரிய பிரைவேட் காலேஜ். ஏசி ஹாஸ்டல்... நீச்சல் குளம்... மேனேஜ்மென்ட் கோட்டா. இருபது லட்சம்!"

"பிள்ளைக்கு மார்க் இல்லையா?"

"கட் ஆஃப் நூத்தித் தொண்ணூறு! கவுன்சிலிங்ல இங்கனயே கவர்மென்ட் காலேஜ் கிடைச்சிருச்சு. நாலு வருஷத்துக்கு இங்க ஆகுறது, அங்க ஹாஸ்டல் டெபாசிட்டுக்கே காணாது. ஆனா எங்க அண்ணன் மகன் பிரைவேட்ல படிக்கிறான் மேடம்... எம் பிள்ள டவுன் பஸ்ல போனா ஊரு என்ன பேசும்?"

"கவர்மென்ட் காலேஜ்ல சேர கடைசி நாள்?"

"இன்னைக்கு..."

விசாலி தொப்பியை எடுத்தாள்.

"ஜீப்ல ஏறுங்க... ரெண்டு பேரும்!"

அரசுக் கல்லூரி வாசல். பெனிட்டா கட்டண ரசீதால் விசிறிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அடிப்பாவி! உன்னையக் கடத்திட்டாகன்னு..."

"கடத்துனாகளா? யாருப்பா?" நிஜமாகவே விழித்தாள். "அம்மாதான பீஸ் குடுத்து, சேந்துட்டு வான்னு அனுப்புச்சு?"

விசாலி ஜோசப்பின் போனில் பதிவாகியிருந்த அந்தக் கடத்தல் எண்ணை அழுத்தினாள்.

டிரிங்... டிரிங்...

ஆன் மேரியின் கைப்பைக்குள்!

"நீயாடி? ஆம்பளக் குரல்ல..."

"புது சிம் வாங்குனேன். குரல மாத்துறதுக்கு ஆப் இருக்கு. நானும் மூணு மாசமா இந்த காலேஜே போதும்னு தொண்ட கிழியச் சொன்னேன், காது குடுத்தீகளா? எவனோ ஒருத்தன் சொன்னதும் ஒரே வார்த்தையில கேட்டீகள்ல!"

ஜோசப் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு விசாலியிடம் திரும்பினார்.

"மேடம்... கேஸ் கீஸ்னு...?"

விசாலி சிரித்தாள்.

"நெசக் கடத்தல்காரன்னா ஒரு தடவ பணத்த வாங்கிட்டுப் பிள்ளைய விட்டுருவான் சார். அந்த காலேஜ்னா... செமஸ்டருக்குச் செமஸ்டர் போன் வந்திருக்கும்!"